இசைவின்றிக் காதல் உண்டோ?

நாவல் படிக்கும் பழக்கம் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய முந்தைய தலைமுறையினர், ஊரிலிருந்து வரும் வார இதழ்களைத் தொடர்கதைக்காகவே எதிர்பார்த்துக் காத்திருந்தனர். அவர்களுடைய பேத்திமார் கையில் இன்று நாம் அடிக்கடி காண்பவை ஆங்கிலக் காதல் நவீனங்கள். இவ்விரு தலைமுறைக்கும் இடையில், 1908-ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பெற்ற மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் சிறு நூல்களை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த தாய்மாரும் உளர். அந்தப் பதிப்பகம் 2008-இல் இந்தியாவிலேயே தன் பதிப்புப் பணியைத் தொடங்கியது. இந்நாட்டில் அதற்கு வாசகியர் எத்துணை மிகுதி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்நூல்களைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர் பலர். அவர்களுள் அட்டைப் படத்தைப் பார்த்துச் சுளிப்பவரே மிகுதி. உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்துச் சுளிப்பவர் குறைவு. முத்தக் காட்சிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதால் பயன் ஏதும் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கதையில் பெண் 'வேண்டாம்' என்று சொன்னால், அதன் பின் என்ன நடக்கிறது?

பாலைவனத்திலிருந்து கப்பல் வரை

இக்கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு நூறாண்டுக் கதைகளைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1919-இல் இ. எம். ஹல் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'தி ஷேக்' என்ற நாவல் பெரும் பரபரப்போடு விற்பனையாயிற்று. டயானா என்னும் ஆங்கில நங்கையை அல்ஜீரியப் பாலைவனத்தில் ஒரு தலைவன் கடத்திச் சென்று பலவந்தம் செய்கிறான். அவள் அழுகிறாள், தப்பி ஓடுகிறாள், மீண்டும் பிடிபடுகிறாள். பிறகு அவனையே காதலிக்கிறாள்! முடிவில் ஒரு திருப்பம் வருகிறது. அவன் அராபியன் அல்லன், ஓர் ஆங்கிலப் பிரபுவின் மகன் என்று தெரிகிறது. கதையின் போக்கில், தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் அவன் செய்த கொடுமையன்று, அவனுடைய பிறப்பே என்பது போல் ஆகிவிடுகிறது. பிறப்பு சரியாயிற்று, எனவே எல்லாம் சரியாயிற்று. 1921-இல் வாலண்டினோ நடித்து வெளிவந்த ஊமைப்படத்தில் அந்தக் கொடுமை மறைக்கப்பட்டது. மறைத்தவர்களுக்கு அதன் தன்மை தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

1972-இல் அமெரிக்காவில் காத்லீன் வுடிவிஸ் எழுதிய 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' வெளிவந்தது. இலட்சக்கணக்கில் விற்று, வரலாற்றுக் காதல் நவீனம் என்ற வகைக்கே புதிய வழி வகுத்த நூல் அது. பெற்றோரை இழந்த ஹெதர் என்னும் இளம்பெண், தன்னைக் கெடுக்க முயன்ற ஒருவனிடமிருந்து தப்பி இலண்டன் தெருவில் ஓடுகிறாள். கப்பல் தலைவன் ஒருவனுடைய ஆட்கள் அவளை விலைமகள் என்று தவறாக எண்ணி அவனிடம் கொண்டு செல்கின்றனர். அவள் மறுக்க மறுக்க அவன் பலவந்தம் செய்கிறான். அவள் கருவுற்றதும் இருவருக்கும் கட்டாயத் திருமணம் நடக்கிறது. பின்னர் மெல்ல மெல்லக் காதல் மலர்கிறதாம். இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கெடுக்க முயன்று தோற்றவன் கதையில் கயவன். கெடுத்தே விட்டவன் கதாநாயகன்! இருவருக்கும் இடையே உள்ள வேற்றுமை செயலில் இல்லை. கதாசிரியர் கொடுத்த பட்டத்தில்தான் இருக்கிறது.

மன்னிப்பு வாங்கித் தரும் திருப்பங்கள்

இத்தகைய கதைகளில் நாயகனுக்கு மன்னிப்பு வாங்கித் தரும் திருப்பங்கள் மூன்று. முதலாவது, தவறான எண்ணம். "அவள் யாரென்று தெரியாமல் செய்துவிட்டான்" என்பார்கள். வேறு வகைப் பெண்ணாக இருந்திருந்தால் செய்யலாம் என்ற கருத்து அதனுள் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது, திருமணம். தாலி ஏறிவிட்டால் முன்பு நடந்ததெல்லாம் முன்பணம் போல் கழிந்துவிடுகிறது. மூன்றாவது, நாயகனுடைய துயரமான இளமை. தாய் கைவிட்டாள், தந்தை அடித்தார் என்று ஓர் அத்தியாயம் வந்தவுடன், வாசகியின் இரக்கம் துன்புற்றவளை விட்டுத் துன்புறுத்தியவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அப்படியானால் பெண்கள் ஏன் இவற்றை விரும்பிப் படித்தனர்? அவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நியாயம் அன்று. ஜானிஸ் ராட்வே என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், காதல் நவீனம் படிக்கும் பெண்களோடு நேரில் உரையாடி 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு நடுவே தமக்கென்று ஒதுக்கிக்கொண்ட நேரமே அந்தப் படிப்பு என்று அப்பெண்கள் கூறினர். கொடுமைக்கார நாயகனை அவர்கள் விரும்பவில்லை. தன்னைப் பேணிக் காக்கும் மென்மையான நாயகனையே நாடினர். ஆயினும் நாயகனின் வன்மைக்குப் பொறாமை, தவறான எண்ணம் என்று கதை ஒரு காரணம் காட்டினால், சில வேளைகளில் அவர்களும் மன்னித்தனர். வேறொரு காரணமும் கூறுவதுண்டு. நல்ல பெண் ஆசைப்படவே கூடாது என்று சமூகம் விதித்திருந்த காலத்தில், பலவந்தம் என்ற போர்வை, நாயகியைப் பழிக்கு ஆளாக்காமல் காதல் கதைக்குள் கொண்டு செல்ல உதவிற்று. எனவே குற்றம் வாசகியிடம் இல்லை. 'ஆம்' என்று சொல்லும் உரிமையைப் பெண்ணுக்கு மறுத்த சமூகம், அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல்லையும் மதிப்பற்றதாக ஆக்கிற்று.

திருத்தி எழுதியவர்கள்

காலம் மாறியது, வாசகியரும் மாறினர். ஜூடித் மெக்நாட் எழுதி 1985-இல் வெளிவந்த 'விட்னி, மை லவ்' என்ற நாவலில், நாயகியின் தந்தைக்குப் பணம் கொடுத்து, அவளுக்கே தெரியாமல் ஒரு பிரபு மணம் பேசி முடிக்கிறான். பின்பு அவளைத் தவறாக ஐயுற்றுப் பலவந்தமும் செய்கிறான். இக்காட்சி நெடுங்காலம் கண்டனத்துக்கு உள்ளானது. பிற்காலத் திருத்தப் பதிப்பில் ஆசிரியரே அதை மாற்றி எழுதினார். அச்சேறிய எழுத்தை ஓர் எழுத்தாளர் மீண்டும் எடுத்துத் திருத்துவது எளிய செயல் அன்று.

பெண் மட்டுமே துன்புறுகிறாள் என்பதும் இல்லை. ஜூலியா குவின் 2000-இல் எழுதிய 'தி டியூக் அண்ட் ஐ' நாவலில், பிள்ளைப்பேறு வேண்டாம் என்று உறுதி பூண்ட கணவன் குடிமயக்கத்தில் இருக்கும்போது, மனைவி அவனுடைய விருப்பத்துக்கு மாறாக நடந்துகொள்கிறாள். அந்நூலைத் தழுவி 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'பிரிட்ஜர்டன்' தொடரில் குடிமயக்கத்தை நீக்கினர். எனினும் அக்காட்சி பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. இசைவு என்பது ஆண், பெண் இருவருக்கும் பொது என்பதை இந்த விவாதம் உணர்த்தியது.

இன்னொரு புறம், பெண்ணைப் பின்தொடர்ந்து அச்சுறுத்துபவனையே நாயகனாக்கும் 'இருண்ட காதல்' நவீனங்களும் இன்று பெருகியுள்ளன. 2021-இல் வெளிவந்த 'ஹான்டிங் அடலின்' அவ்வகையில் பெயர் பெற்றது. இவ்வகை நூல்கள் பலவற்றின் முதற் பக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறது. அது நல்ல வழக்கமே. ஆனால் அந்தக் குறிப்பு படிப்பவரின் இசைவை மட்டுமே கேட்கிறது. கதாநாயகியின் இசைவை யார் கேட்டார்? "இது வெறும் கற்பனைதானே" என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. அச்சம் மிகுந்தால் வாசகி புத்தகத்தை மூடிவிடலாம். அந்த உரிமை கதையில் வரும் பெண்ணுக்கு இல்லை. வாழ்க்கையில் அகப்பட்டுக்கொண்ட பெண்ணுக்கும் இல்லை. தீமையைக் காட்டுவது குற்றம் அன்று. தீமைக்குக் காதல் என்று பெயர் சூட்டுவதே குற்றம்.

நல்ல வழியில் செல்லும் நூல்களும் உள்ளன. ஹெலன் ஹோவாங் 2018-இல் எழுதிய 'தி கிஸ் கோஷன்ட்' நாவலின் நாயகி, ஆட்டிசம் உடையவள். பிறர் தன்னைத் தொடுவதே அவளுக்கு அச்சம். நாயகன் அவளுடைய தயக்கத்தைக் கண்டால் நின்றுவிடுகிறான். கேட்டுக் கேட்டே நெருங்குகிறான். கேட்பதால் கதையின் சுவை குறையவில்லை, கூடுகிறது. 2016-இல் கொலீன் ஹூவர் எழுதிய 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' இன்னொரு வகை. அன்பும் அழகும் செல்வாக்கும் உடைய கணவன் கை நீட்டுகிறான். அவனுடைய இளமைத் துயரமும் கதையில் வருகிறது. ஆனால் இங்கே அந்தத் துயரம் அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை. பெண் குழந்தை பிறந்தபின் மனைவி அவனை விட்டு விலகுகிறாள். பழைய திருப்பத்தையே எடுத்து, அதன் முகத்தை மாற்றி வைத்த கதை இது. இந்நூலை ஒட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை வெளியிட 2023-இல் முயன்றபோது, துன்பத்தை விளையாட்டாக்குவதா என்று வாசகியர் எதிர்த்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது.

நம் மரபு சொல்வது

இசைவு என்பது மேல்நாட்டார் இன்று கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாக வகுக்கிறது. ஒத்த அன்புடையார் இருவரிடையே நிகழ்வதே நடுவில் நிற்கும் ஐந்திணை. ஒருபக்கத்து விருப்பம் கைக்கிளை. பொருந்தாக் காமம் பெருந்திணை. காம மிகுதியால் வலிமை காட்டுவதைப் பெருந்திணையின் நான்கு கூறுகளுள் ஒன்றாக அந்நூல் எண்ணுகிறது. மடலேறுவேன் என்று தலைவன் சொல்லி நிற்பது வரையில் ஐந்திணைக்குள் இடம் உண்டு. ஏறியே விட்டால் அதுவும் பெருந்திணை. தோழி அவனைச் சேய்மையில் நிறுத்துகிறாள். அவன் குறையிரந்து நிற்கிறான். மறுப்பு அங்கேயும் கதையை வளர்க்கிறது. ஆனால் மறுப்பை மீறியவனை அன்பின் ஐந்திணையில் வைக்க நம் முன்னோர் உடன்படவில்லை.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. ஜெயகாந்தன் 1966-இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் தூயவளே என்கிறாள் தாய். கெடுத்தவனைத் தேடிப் பிடித்து மணம் முடிக்கும் திருப்பத்தை அக்கதை நாடவில்லை. அதனால் எழுந்த விவாதம் சிறிதன்று. அதன் விளைவாகவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவல் பிறந்தது.

சட்டமும் வீடும்

2013-ஆம் ஆண்டின் திருத்தத்தால் நம் நாட்டுக் குற்றவியல் சட்டம், இசைவு என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்திற்கிடமின்றித் தெரிவிக்கும் மனமுவந்த உடன்பாடு என்று விளக்கிற்று. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டே இசைந்தாள் என்று கொள்ளலாகாது என்றும் கூறிற்று. 2024 ஜூலை 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விளக்கம் இடம் பெற்றுள்ளது. எனினும் 18 வயது நிறைந்த மனைவியைப் பொறுத்தவரையில் பழைய விலக்கு அதிலும் தொடர்கிறது. திருமணம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நாவல் திருப்பம், ஏட்டுச் சுரைக்காயாக மட்டும் இல்லை என்பதை இது காட்டும்.

இங்கே நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. மேற்கண்ட நாயகியரை எண்ணிப் பாருங்கள். டயானா பாலைவனத்தில் தனியள். ஹெதர் கப்பலில் தனியள். உற்றார் இல்லை, போகும் இடம் இல்லை. அந்தத் தனிமையைக் கதை காதலின் சூழலாகக் காட்டுகிறது. திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மணமாகி இந்நகரங்களுக்கு வரும் பெண்ணும், முதலாண்டில் அத்தகைய தனிமையில்தான் இருக்கிறாள். அண்டை வீட்டாரின் மொழி அவளுக்குத் தெரியாது. கடைத்தெருவுக்கும் மருத்துவமனைக்கும் கணவன் துணையின்றிப் போக இயலாது. அவளுடைய மௌனத்தை இசைவு என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. படிக்கவோ வேலைக்கோ வேற்றூர் விடுதியில் தங்கும் நம் மகளிர்க்கும் இந்த நிலை ஏற்படலாம்.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மகளின் கையிலிருக்கும் நாவலைப் பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கினால் அவள் மறைத்துப் படிப்பாள். மறைத்துப் படித்ததைப் பற்றி உங்களிடம் பேசவே மாட்டாள். நீங்களும் படியுங்கள். படித்தபின் மூன்று கேள்விகளை அவளோடு சேர்ந்து கேட்டுப் பாருங்கள். அவள் மறுத்தபோது அவன் நின்றானா? தவறு செய்தவன் செயலால் திருந்தினானா, கண்ணீரால் மட்டும் திருந்தினானா? அவள் விலகிச் செல்ல விரும்பினால், செல்வதற்குப் பொருளும் இடமும் ஆளும் இருந்தனவா? இதே கேள்விகளை மகனோடும் கேட்க மறவாதீர்கள். 'வேண்டாம்' என்ற சொல்லின் பொருளை அவன் தாயிடமும் தந்தையிடமும் கற்றால், நாவல் கற்பிக்கும் தவறான பாடம் அவனிடம் செல்லாது.

மூன்றாவது கேள்விக்குரிய விடை நாவலாசிரியர் கையில் மட்டும் இல்லை. நம் கையிலும் இருக்கிறது. புதிதாக வந்த மணப்பெண்ணைத் தமிழ் அன்பர்கள் யாரேனும் வீட்டுக்கு அழைத்துப் பேசட்டும். பேருந்து வழியையும் நாலு உள்ளூர்ச் சொற்களையும் சொல்லிக் கொடுக்கட்டும். தொலைபேசி எண்ணை அவளிடமே, அவள் கையிலேயே எழுதிக் கொடுக்கட்டும். கணவன் நல்லவனாக இருந்தால் அவனும் மகிழ்வான். அல்லாதவனாக இருந்தால், அவளுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கும்.