கழுத்துத் தமனி கூறும் இதயச் செய்தி

இரத்தக் கொதிப்பு ஓசையின்றி வளரும் நோய். தலைவலியோ மயக்கமோ தோன்றாமலே பல ஆண்டுகள் உடலில் தங்கி, இரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடும். அக்கேட்டினைக் கத்தியும் ஊசியுமின்றிக் காண உதவுவது கழுத்துத் தமனியின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. அதன் பயனையும் எல்லையையும் இங்கு நாம் ஆராய்வோம்.

இதயத்தை அறியக் கழுத்தை நோக்குவானேன்? இதயத்தின் சொந்தக் குழாய்கள் சிறியவை. மார்புக்கூட்டினுள் ஓயாது அசைபவை. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கழுத்துத் தமனிகளோ தோலுக்கு அண்மையில் உள்ளன. ஒரே கொழுப்பும் ஒரே அழுத்தமும் இரண்டையும் தாக்குவதால், ஒன்றின் நிலையைக் கொண்டு மற்றொன்றின் நிலையை ஓரளவு உய்த்துணரலாம்.

செவிக்கு எட்டாத ஒலியலைகளைக் கருவி கழுத்தினுள் செலுத்துகிறது. அவை திசுக்களில் வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, தமனிச் சுவரில் பட்டு எதிரொலியாகத் திரும்புகின்றன. திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டுத் திரையில் படம் தோன்றுகிறது. சுவரின் உட்புற இரு படலங்களின் தடிப்பை இவ்வாறு அளக்கலாம் என்பதை இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 1986-இல் காட்டினர்.

மருத்துவர் படத்தில் காண்பவை இரண்டு: சுவரின் தடிப்பு, சுவரில் திரண்ட கொழுப்புப் படிவு. 0.9 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பை இரத்தக் கொதிப்பால் விளைந்த கேட்டின் அறிகுறியென 2007-இல் ஐரோப்பிய மருத்துவ சங்கங்கள் கொண்டன. பின்னர்க் கருத்து மாறிற்று. வயது ஏறத் தடிப்பும் கூடும். அளப்பவர் மாறினால் அளவும் மாறக்கூடும். வயது, புகைப்பழக்கம், நீரிழிவு, கொலஸ்டிரால் ஆகியவை உணர்த்தும் அபாயத்திற்கு மேல், தடிப்பு புதிதாகக் கூறுவது சிறிதே. ஆதலின் இவ்வளவையை வழக்கமாக எடுக்க வேண்டாமென 2013-இல் அமெரிக்க இதய மருத்துவ சங்கங்கள் அறிவுறுத்தின. படிவு காணப்படுவதோ வேறு. நோய் வேரூன்றியதற்கு அது நேர்ச் சான்று.

அபாயம் மிகுதியோ குறைவோ என மருத்துவர் ஐயுறும் இடைநிலையாளர்க்கே இப்பரிசோதனை பயன் தரலாம். படிவு தென்படின், கொழுப்பைக் குறைக்கும் மருந்தைத் தொடங்க அது துணைக் காரணமாகும். முன்னரே மாரடைப்பு கண்டவர்க்கு இஃது இன்றியே முழுச் சிகிச்சை தேவை.

தொழில் நிமித்தம் மும்பையிலும் தில்லியிலும் பிற நகரங்களிலும் வாழும் நம்மவர்க்கு ஊர் மாறுந்தோறும் மருத்துவரும் மாறுகிறார். எனவே அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் இரத்த அழுத்தக் குறிப்புகளையும் ஒரே உறையில் வைத்து உடன் கொண்டுசெல்லுதல் நன்று. 'படிவு இல்லை' என்ற அறிக்கையை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந்தீங்கு. கழுத்துத் தமனி தூயதாயினும் இதயக் குழாய் தூயதென்பது உறுதியன்று. அழுத்தம் நீடித்தால் இன்றைய தூய தமனியும் நாளை கெடும். கையிலுள்ள பொருள் இரண்டில் ஒன்றுக்கே போதுமெனில், அது படத்திற்கன்று, மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கே உரியது.