ஓடு பதிக்குமுன் தரையைப் பக்குவப்படுத்துதல்

பழைய வீட்டைப் புதுப்பிக்க முற்படுவோர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது தரையிலேயாம். ஓட்டின் நிறத்தையும் மெருகையும் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தை, அவ்வோடு அமரவேண்டிய அடித்தளத்தின்பால் காட்டுவோர் மிகச் சிலரே. ஓடு பெயர்தல், விளிம்பு உடைதல், நடக்கும்பொழுது வெற்றொலி எழுதல் ஆகிய குறைகளின் காரணத்தைத் தேடுமிடத்து, அது பெரும்பாலும் ஓட்டிற்குக் கீழேயே காணப்படுகிறது. இதனைக் கொல்கத்தா நகரத்தின் பழைய வீடுகளைக் கொண்டு விளக்குதல் பொருத்தமாகும்.

கொல்கத்தா, கங்கையின் கழிமுகத்தில், வண்டலும் களிமண்ணும் படிந்த நிலத்தின்மீது எழுந்த நகரம். கடல் மட்டத்திற்கு மேல் அதன் உயரம் சில மீட்டரே. ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை பெய்கிறது. நிலத்தடி ஈரம் மேற்பரப்பிற்கு அண்மையிலேயே நிற்கிறது. குளங்களைத் தூர்த்து வீடு கட்டிய இடங்களும் பல. நகரின் கிழக்கே உள்ள உப்பேரிப் பகுதி, 1962ஆம் ஆண்டு முதல் ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய்கள் வழியே கொணர்ந்து நிரப்பி உண்டாக்கப்பட்டதாகும். நிரப்பப்பட்ட மண் நன்கு இறுகாவிடில் காலப்போக்கில் அமிழும். அதன்மேலுள்ள தரையும் உடன் அமிழும்.

பழைய வீடுகளின் கீழ்த்தளம், மண்ணின்மீது செங்கல்லைப் படுக்கையாகப் பரப்பி, அதன்மேல் சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த காரையை இட்டு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் இதன்மேல் சிவப்புச் சிமெண்டுத் தரை மெழுகப்பட்டது. இத்தகைய வீடுகள் பலவற்றில் தரைக்கடியில் ஈரத்தடுப்பு எதுவும் இல்லை. மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மேலே ஏறுகிறது. சுண்ணாம்புத் தரை அந்த ஈரத்தைச் சிறிது சிறிதாகக் காற்றில் விட்டுவிடும்.

இக்காலத்து விட்ரிஃபைட் ஓடோ ஈரத்தை வெளியே விடுவதில்லை. சாதாரணச் செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்கு வரை நீரை உறிஞ்சலாமென இந்தியத் தரவிதிகள் இடங்கொடுக்கின்றன. இவ்வகை ஓடு உறிஞ்சும் நீர் 0.5 பங்கிற்கு மேற்படுவதில்லை. ஆகவே மேலேறும் ஈரம் ஓட்டின் அடியில் தங்கி, சந்துகள் வழியே மட்டும் வெளியேற முயல்கிறது. அதனோடு வரும் உப்பு அங்கேயே பூத்து, சாந்தின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஈரம் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுவர்ப் பூச்சு உதிர்வதும் உண்டு.

தரையில் ஈரம் உள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவைக்க வேண்டும். பின்னர் எடுத்துப் பார்க்குங்கால் தாளின் அடியில் நீர்த்துளிகள் நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ, அத்தரை ஓடு பதிக்கத் தகுதியுடையதன்று. மழைக்காலத்தில் செய்யும் சோதனையே உண்மை நிலையைக் காட்டும்.

ஈரமுள்ள கீழ்த்தளத்திற்கு மேற்பூச்சுகள் நிலையான பரிகாரமாகா. பழைய தரையைத் தோண்டியெடுத்து, மண்ணை அடுக்கடுக்காக நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக்கி, மணலும் செங்கல்லும் பரப்பி, கனமான பாலிதீன் தாளை இடைவெளியின்றி விரித்து, அதன்மேல் 75 முதல் 100 மில்லிமீட்டர் கனத்திற்குச் சிமெண்டுக் காங்கிரீட்டு இடுதல் வேண்டும். ஏழு நாட்களேனும் நீராற்றி, காங்கிரீட்டு சுருங்கி நிலைபெற மொத்தம் 28 நாட்கள் விட்டபின் ஓடு பதிப்பதே முறை.

மேல்தளத்தின் பிரச்சினை வேறு. அங்கு ஈரத்தினும் சுமையே கவனிக்கத்தக்கது. வங்காளத்தில் 'கொரி-பொர்கா' எனப்படும் முறையில், பெரிய உத்திரங்களின்மீது குறுக்குக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் தட்டோடு பரப்பிச் சுண்ணாம்புக் காரை இட்டனர். நம் நாட்டு மதராஸ் மட்டப்பாவை அறிந்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். இதன்மேல் 40 மில்லிமீட்டர் சாந்தும் 10 மில்லிமீட்டர் ஓடும் பதித்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 107 கிலோகிராம் எடை கூடும். 4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள அறையில் இது இரண்டு டன்னுக்கு மேற்படும். குடியிருப்பு அறைக்கு ஆட்கள், சாமான்கள் ஆகியவற்றின் சுமையாக ஐ.எஸ். 875 விதி கணக்கிடுவதே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம்தான். எனவே, அதில் பாதிக்கு மேற்பட்ட ஒரு சுமையை நாம் தரையின்மீது நிரந்தரமாக ஏற்றிவைக்கிறோம்.

மரக்கட்டை சுவரினுள் புகுந்திருக்கும் முனையில்தான் ஈரத்தால் உளுத்துப்போதல் மிகுதி. வெளிப்பார்வைக்கு உத்திரம் உறுதியாகத் தோன்றலாம். கூரிய கம்பியால் முனையருகே குத்திப் பார்த்தல் அவசியம். ஐயம் ஏற்படின் பொறியாளரைக் கலந்துகொள்ளாமல் வேலை தொடங்கலாகாது. இது வீட்டில் வாழ்வோரின் உயிரைப் பற்றிய விஷயம். கட்டைகள் உறுதியாயிருப்பின், தடித்த சாந்துக்குப் பதிலாக ஐ.எஸ். 15477 தரவிதிக்கு இணங்கிய ஓட்டுப் பசையைச் சில மில்லிமீட்டர் கனத்திற்குப் பூசிப் பதித்தால், கூடும் எடை மூன்றிலொரு பங்காகக் குறையும். பழைய தரையைச் சம்மட்டியால் ஓங்கியடித்துப் பெயர்ப்பது காரையையும் கட்டைகளையும் அதிரச் செய்யுமாதலால் தவிர்க்கத்தக்கது.

எத்தளமாயினும் பின்வரும் சோதனைகள் பொதுவானவை.

முதலாவது, மரச்சுத்தியலால் தரையெங்கும் மெல்லத் தட்டிப் பார்த்தல். வெற்றொலி எழுமிடத்தில் பழைய பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அதனை வெட்டியெடுத்து மீண்டும் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது, நீர் தெளித்தல். மெழுகும் எண்ணெயும் ஊறிய சிவப்புத் தரையில் நீர் முத்துமுத்தாக நிற்கும். அங்குச் சாந்தும் பசையும் பிடிக்கா. மேற்பரப்பைச் சுரண்டி, கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவுதல் அவசியம்.

மூன்றாவது, மட்டம் பார்த்தல். 3 மீட்டர் நீளமுள்ள நேரான மட்டப்பலகையை வைத்தால், அதன் அடியில் தோன்றும் இடைவெளி பெரிய ஓடுகளுக்கு 3 மில்லிமீட்டரையும் சிறிய ஓடுகளுக்கு 6 மில்லிமீட்டரையும் தாண்டலாகாது. பள்ளங்களை முன்னதாகவே நிரப்பி உலரவிட வேண்டும். பதிக்கும்பொழுது பசையைக் கூட்டி நிரப்புதல் தவறு.

நான்காவது, வெடிப்பை ஆராய்தல். வெடிப்பின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி குறித்துச் சில வாரங்கள் கவனித்தால், அது வளர்கிறதா என்பது புலனாகும். வளரும் வெடிப்பின்மீது பதித்த ஓடு அதே கோட்டில் பிளக்கும். வெப்பத்தால் தரை விரிதற்கு இடமாகச் சுவரோரத்தில் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதனைச் சுவரடி ஓட்டால் மறைத்துவிடலாம்.

ஈரம் ஏறும் இயல்பை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். ஆழமற்ற தட்டில் நீர் ஊற்றி ஒரு செங்கல்லையும் ஒரு விட்ரிஃபைட் ஓட்டுத் துண்டையும் நிறுத்திவைத்தால், செங்கல்லில் ஈரக்கோடு ஏறுவதையும் ஓடு உலர்ந்தே நிற்பதையும் மாணவர் கண்கூடாகக் காண்பர். களப்பணியாளர்களோ, வீட்டார் ஓடு வாங்கச் செல்லுமுன் இச்சோதனைகளைச் செய்யுமாறு வற்புறுத்துவார்களாயின், வீண் செலவு பெரிதும் தவிர்க்கப்படும்.