ஓவனும் ஏலினும் எழுதிய கடிதங்கள்

ஒரே வீட்டில் இருக்கும் கணவனும் மனைவியும் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. யாராவது ஒருவர் தூரத்தில் இருந்தால்தான் கடிதம் பிறக்கும். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒரு தம்பதியரின் கடிதங்கள் 1887 முதல் 1920 வரையிலான ஒரு தொகுப்பாக அச்சேறியிருக்கின்றன. அப்படியானால் அவர்கள் எத்தனை காலம் பிரிந்து பிரிந்து வாழ்ந்திருப்பார்கள்!

கணவர் சர் ஓவன் மார்கன் எட்வர்ட்ஸ். அந்த நாட்டில் 'ஓ.எம்.' என்ற இரண்டெழுத்தே போதும். வரலாற்று அறிஞர், எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர். மனைவி பெயர் ஏலின். இருவரும் லானூக்லின் என்ற மலைக்கிராமத்தில் வளர்ந்தவர்கள். வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரியின் தலைமாட்டில் இருக்கிறது அந்த ஊர்.

1858-இல் ஓ.எம். பிறந்தபோது அங்கே வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் வெல்ஷ் மொழிதான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1847-இல், வெல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையர்கள் வேல்ஸ் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். மக்கள் பின்தங்கியிருப்பதற்கு அவர்கள் தாய்மொழியும் ஒரு காரணம் என்றது அது. 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்று வேல்ஸ் மக்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

பள்ளிக்குப் போன முதல் நாளே சிறுவன் ஓவன் வாய்தவறி வெல்ஷ் பேசிவிட்டான். கழுத்தில் ஒரு கயிறு விழுந்தது. அதில் ஒரு மரத்துண்டு. 'வெல்ஷ் நாட்', அதாவது 'வெல்ஷ் கூடாது' என்பது அதன் பெயர். அதைக் கழற்ற ஒரே ஒரு வழிதான் உண்டு. வெல்ஷ் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால், கட்டை அந்தப் பிள்ளையின் கழுத்துக்குப் போகும். மாலையில் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவருக்கு அடி. 1906-இல் வெளிவந்த தமது நினைவு நூலில் ஓ.எம். இதை எழுதியிருக்கிறார். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் கட்டை அவர் கழுத்தைவிட்டு இறங்கவும் இல்லை.

எனக்கு அந்த அடியைவிட, கூடப் படிக்கும் பிள்ளையைக் காட்டிக்கொடு என்று ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளைப் பழக்கியதுதான் கொடுமையாகப் படுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அரசாங்கச் சட்டம் அல்ல. பள்ளிகள் தாமாகவே செய்தவை. பல பெற்றோர்களும் மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளை ஆங்கிலம் படித்தால் வேலை கிடைக்கும், வறுமை தீரும் என்று நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

அந்தப் பிள்ளை பாலா, அபெரிஸ்ட்வித், கிளாஸ்கோ என்று படித்து, ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரிக்குப் போய், 1887-இல் வரலாற்றுப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறினார். தொகுப்பில் உள்ள கடிதங்கள் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். பிறகு ஐரோப்பியப் பயணம். இத்தாலி, பிரிட்டனி, ஜெனீவா என்று சுற்றியவர், அந்தப் பயணங்களை வெல்ஷ் மொழியில் நூல்களாக்கினார். 1889-இல் ஆக்ஸ்ஃபர்டு லிங்கன் கல்லூரியில் வேலை. 1891-இல்தான் திருமணம். காதலித்த காலம் முழுவதும் அவர் எங்கோ, ஏலின் எங்கோ.

திருமணமான அதே ஆண்டில் 'கம்ரி' என்ற மாத இதழைத் தொடங்கினார். வேல்ஸ் நாட்டுக்கு அதன் சொந்த மொழியில் உள்ள பெயர் அதுதான். மறு ஆண்டே பிள்ளைகளுக்கு இன்னோர் இதழ். நானும் ஊடகத்தில் வேலை செய்பவர்களில் ஒருவர் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. பகலில் பல்கலைக்கழகப் பாடம், கையில் இரண்டு மாத இதழ்கள், நடுவே புத்தகங்கள். 1899-இல் நண்பர் டாம் எல்லிஸ் இறந்ததும் அவருடைய தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அது ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவில்லை.

1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் பதவி வந்தது. ஒருகாலத்தில் வெல்ஷ் பேசியதற்காக அடி வாங்கியவர், இப்போது நாடு முழுவதும் வகுப்பறைகளுக்குள் நுழைந்து, வெல்ஷ் மொழியில் பாடம் சொல்லிக்கொடுங்கள் என்றார். பிள்ளைகளைத் தேர்வுக்கு மட்டும் தயார் செய்யும் போக்கை அவருடைய துறையின் 1909 அறிக்கை கடுமையாக விமர்சித்தது. மேல்நிலைப் பள்ளித் தேர்வுகளை நடத்திய வாரியம் அதை ரசிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. சொந்த ஊருக்கே குடிவந்துவிட்டார். ஆனால் ஆய்வாளர் என்றால் ஊர் ஊராகப் போகத்தானே வேண்டும்? மறுபடியும் பிரிவு, மறுபடியும் கடிதம்.

இதழ்களை எடுத்துப் பார்த்தால் ஓ.எம். கிடைப்பார். அரசு அறிக்கைகளிலும் கிடைப்பார். ஏலின் எங்கே? ஒரு மனிதர் இத்தனை வேலைகளைத் தலையில் போட்டுக்கொள்ளும்போது வீட்டைத் தாங்கியவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதெல்லாம் அரசாங்கக் கோப்புகளில் வராது. கடிதத்தில்தான் வரும். 1991-இல் ஹேசல் டேவிஸ் அந்தக் கடிதங்களைப் பதிப்பித்தபோது, அட்டையில் 'சர் ஓ.எம். எட்வர்ட்ஸ், ஏலின் எட்வர்ட்ஸ்' என்று இருவர் பெயரும் வந்தன. அதே ஆய்வாளர் 2019-இல் ஓ.எம். வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதினார். பெரிய மனிதர் என்று மட்டுமே தெரிந்தவரின் குடும்ப வாழ்க்கையும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. பெரிய மனிதர்களின் கதையை அவர்கள் வீட்டுக் கடிதங்களோடு சேர்த்துப் படிப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஏலின் 1919-இல் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஓ.எம். இறந்தார். அவருக்கு வயது 61.

மகன் பெயரில் ஒரு சுவையான விஷயம் உண்டு. இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ். 'அப்' என்றால் மகன். ஓவனின் மகன் இவான். நம் மலேசிய அடையாள அட்டையில் வரும் 'ஏ/எல்' போலத்தான். ஆங்கில வழக்கத்தில் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்ட காலத்தில், பழைய வெல்ஷ் வழக்கத்தையும் மகனுக்குச் சேர்த்து வைத்திருக்கிறார் ஓ.எம்.

அப்பா விட்டுப்போன பிள்ளைகள் இதழை மகன் எடுத்து நடத்தினார். 1922 ஜனவரி இதழில், வெல்ஷ் பேசும் பிள்ளைகளுக்காக ஓர் இயக்கம் தொடங்குவோம், சேர விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்று அழைத்தார். 'இர்த்' என்ற அந்த இயக்கம் இன்றும் இருக்கிறது. முகாம், விளையாட்டு, ஆண்டுதோறும் கலைவிழா என்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோர் அதில் உறுப்பினர்கள். 1935-இல் வெல்ஷ் மொழியின் முதல் பேசும் படத்தையும் இவானே எடுத்தார்.

1939-இல் போர் மூண்டது. லிவர்பூலில் இருந்து அனுப்பப்பட்ட ஆங்கிலப் பிள்ளைகளால் அபெரிஸ்ட்வித் நகரப் பள்ளிகள் நிரம்பின. வகுப்பறை ஆங்கிலத்துக்கு மாறிவிடும் என்று இவான் பயந்தார். அவருடைய மகன் ஓவனுக்கு அப்போது ஐந்து வயது. அரசிடம் மனுக்கொடுத்துக் காத்திருக்காமல் ஒரு தனிப் பள்ளியையே தொடங்கினார். ஆசிரியை நோரா ஐசக். மாணவர்கள் ஏழு பேர். அதில் ஓவனும் ஒருவன். வெல்ஷ் வழிக் கல்விக்கென்றே தொடங்கப்பட்ட முதல் ஆரம்பப் பள்ளி அதுதான். ஒரு தகப்பனின் கவலையில் பிறந்த பள்ளி. தமிழ்ப்பள்ளியா, தேசியப்பள்ளியா என்று முதலாம் ஆண்டுப் பதிவின்போது தூக்கமிழக்கும் நம் வீட்டுப் பெற்றோருக்கு அந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவனான பேரன் ஓவன் எட்வர்ட்ஸ் ஒலிபரப்புத் துறைக்குப் போனார். வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியபோது, 1980-இல் அரசியல் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ஆம் தேதி எஸ்4சி ஒளிபரப்பு தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஓவன் எட்வர்ட்ஸ்.

கழுத்தில் தொங்கிய கட்டைக்கு மூன்று தலைமுறை கொடுத்த பதில் இது. அதற்காக வெல்ஷ் மொழி வென்றுவிட்டது என்று எழுதிவிட முடியாது. 1891 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 54 பேர் வெல்ஷ் பேசினார்கள். 2021-இல் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. இத்தனை பள்ளிகளும் இயக்கமும் தொலைக்காட்சியும் இருந்தே இந்த நிலை. இவை இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஓ.எம். காகிதங்களும், மகன் தொடங்கிய இயக்கத்தின் ஆவணங்களும் இன்று அபெரிஸ்ட்வித்தில், கடலைப் பார்த்து நிற்கும் மேட்டில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இர்த் முகாமுக்கு ஒரு பிள்ளை நேற்றிரவு புலனத்தில் அனுப்பிய குரல் செய்தி எந்த நூலகத்துக்குப் போகும் என்று தெரியவில்லை. நம் வீட்டுக் குரல் செய்திகளுக்கும் அதே கதிதான்.

லானூக்லின் கிராமத்தில் 1972-இல் ஒரு நினைவுச் சின்னம் திறந்தார்கள். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிலைகள். ஏலினைப் பார்க்க வேண்டுமென்றால் கடிதத் தொகுப்பைத்தான் திறக்க வேண்டும்.