டிரிப்ஸ் ஏற்றும்போது தெரிந்திருக்க வேண்டியவை

சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கத்தில் கூடுகிற கூட்டமும் அந்த வெயிலும் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலைசுற்றல், வாந்தி என்று மருத்துவமனைக்கு வருபவர்கள் டாக்டரிடம் கேட்பதும் தெரிந்ததுதான்: "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, தெம்பு வந்துடும்."

அந்த பாட்டிலில் அப்படி என்ன இருக்கிறது? 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டில் என்றால், அதில் 25 கிராம் குளுக்கோஸ். அதிகம் போனால் 100 கலோரி. இரண்டு இட்லியில் அந்த அளவு கிடைத்துவிடும். நார்மல் சலைன் என்றால் 4.5 கிராம் உப்பு, மீதி தண்ணீர். சத்து டானிக் எதுவும் அதில் இல்லை.

வாயால் குடிக்க முடிகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் பாக்கெட்டும் அதே வழியில் வந்ததுதான். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, டெங்கு காய்ச்சலில் அபாய அறிகுறி தெரிகிறது என்றால் டிரிப்ஸ் உயிர் காக்கும். வெயிலில் விழுந்தவர் உடம்பு கொதிக்க, பேச்சுக் குழறிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

ஊசி போடும் முன் நீங்களாகவே சொல்ல வேண்டிய விஷயங்கள் உண்டு. சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எதையும் விடாதீர்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கை என்றால் அந்தக் கையில் ஊசி போட விடாதீர்கள். மருந்து கலங்கலாக இருந்தாலோ, துகள் மிதந்தாலோ, காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

டியூபில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்குமே, அதுதான் முக்கியம். உடனிருப்பவர்கள் அதிகம் தவறு செய்வதும் அதில்தான். "சீக்கிரம் முடிஞ்சா கடைசி பஸ்ஸைப் பிடிச்சிடலாம்" என்று அதைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். 500 மி.லி. 4 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. நோயாளியின் வயது, எடை, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்கிற கணக்கு அது. இதயம் பலவீனமான பெரியவருக்கு வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். சக்கரத்தில் நர்ஸைத் தவிர யாரும் கை வைக்க வேண்டாம்.

டிரிப்ஸ் ஓடும்போது குளிர் நடுக்கம், அரிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட இடம் வீங்கிச் சில்லென்று இருந்தால், மருந்து நரம்பை விட்டு வெளியே போகிறது என்று அர்த்தம். பாட்டில் காலியானதும் டியூபில் கொஞ்சம் ரத்தம் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். பாட்டில் முடிந்துவிட்டது என்று சொன்னால் போதும். ஓரிரண்டு சிறு காற்றுக் குமிழிகளும் பொதுவாக ஆபத்தில்லை. நீளமாகக் காற்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். கையில் ஊசியே குத்திக்கொண்டிருப்பதாகப் பலர் பயந்து கையை அசைக்காமல் வைத்திருப்பார்கள். உண்மையில் உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான்; ஊசியை அப்போதே உருவிவிடுவார்கள்.

கையில் போன் இருக்கிறது அல்லவா? பாட்டில் லேபிளை ஒரு படம் எடுத்து வையுங்கள்: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிகிச்சை தரும் டாக்டரிடம் சொல்வதோடு, 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையிலுள்ள குழாயை எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். எடுத்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அடுத்த சில நாட்களில் அந்த இடம் சிவந்து, நரம்பு கயிறு மாதிரி தடித்து வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலோ புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.