347 ரூபாய் 12 அணா: ஒரு தலைவரின் தபால் கட்டும் நமது கடைச் சிட்டையும்

நமது சங்கரன்கோவில் வட்டாரத்துக் கடைகளில் இன்றும் ஒரு பழக்கம் உண்டு. வந்த கடிதம், பில், லாரி ஆபீஸ் ரசீது, வத்தல் மூட்டைக்கான எடைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கம்பியில் குத்தி ஆணியில் மாட்டி விடுகிறோம். நாம் எழுதி அனுப்பிய கடிதத்துக்கோ நகலே இராது. பிறகு வெளியூர் வியாபாரி ஒருவர், "நீங்கள் சொன்ன பாக்கி எங்கள் பேரேட்டில் இல்லையே" என்று சொல்லும்போது கம்பியை இறக்கித் தேடத் தொடங்குகிறோம். தேடினது கிடைத்தால் அது ஆண்டவன் செயல்.

பெரிய தலைவர்களின் அலுவலகங்களிலும் இதே தொல்லை இருந்திருக்கிறது. அதில் நமது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டிக் கொண்டு மாதக் கணக்கில் காத்திருந்த கதையை வணிக அன்பர்கள் அறிந்து கொள்வது நல்லது.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றி நாம் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் என்று திட்டமிட்டுத் தொடங்கியவர். 1908-இல் சிறை சென்றார். 1912-ஆம் ஆண்டு இறுதியில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்துடன் மிகுந்த சிரமத்தில் வாழ்ந்தார்.

காந்தியடிகள் 1915 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பி, ஏப்ரல் மாதம் சென்னைக்கு வந்தார். ஜி.ஏ. நடேசன் வீட்டில் தங்கியிருந்த அவருக்கு வ.உ.சி. கடிதம் எழுதிச் சந்திக்க நேரம் கேட்டார். காலை 6 மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் தரலாம் என்று பதில் வந்தது. நமது பிள்ளையவர்கள் விடுவாரா? தாம் பேச வேண்டியது சில நிமிடங்களில் முடியாது என்பதையும், அவ்வளவு அதிகாலையில் டிராம் வண்டியில் வந்து சேர்வதிலுள்ள சிரமத்தையும் மரியாதையாக எழுதி விட்டார். கையில் காசு இல்லாதவர் எழுதின கடிதம்தான். ஆனாலும் குனிந்து எழுதின கடிதம் அல்ல.

இந்தக் கடிதப் போக்குவரத்தின் நடுவில்தான் பணப் பேச்சு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் உமக்காகப் பணம் திரட்டினோம், அது உமக்கு வந்து சேர்ந்ததா என்று காந்தியடிகளே கேட்கிறார். அனுப்பி விட்டதாகத்தான் அவருக்கு நினைவு. அனுப்பியதற்கு அத்தாட்சி தேடினால் அகப்படவில்லை. வரவில்லை என்று வ.உ.சி. பதில் எழுதினார். தமக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தை இன்றைய நிலையில் வேண்டாம் என்று சொல்வது முட்டாள்தனம் என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

அடுத்து யார் கொடுத்தது, எவ்வளவு என்ற கேள்வி. காந்தியடிகளிடம் அந்த விவரம் இல்லை. கணக்குகள் கடலுக்கு அப்பால் இருந்தன. தென்னாப்பிரிக்காவிலிருந்து விவரம் வர வேண்டும் என்றார். மாதங்கள் ஓடின. வ.உ.சி. மறுபடி எழுதினார்: தோராயமாகவாவது தொகை நினைவில்லையா? அதையோ, அதில் பெரும் பகுதியையோ இப்போது அனுப்பி விட்டு, சரியான கணக்கு வந்ததும் மீதியை அனுப்பலாமே! வசூலுக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் நமக்குத் தோன்றவில்லை. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. எதிராளி உடனே செய்யக்கூடிய ஒரு வழியைக் காட்டுகிறது.

கடைசியில் 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. இக்கடிதங்கள் சபர்மதி ஆசிரமத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் தேடி எடுத்து வெளியிட்டவர் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி.

காந்தியடிகள் கணக்கில் அசட்டையானவர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் 1893-இல் தென்னாப்பிரிக்கா போனதே தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத்தான். 40,000 பவுன் வழக்கு, முழுவதும் கணக்கு வழக்கு. புரோநோட்டு என்றால் என்னவென்றுகூட அப்போது அவருக்குத் தெரியாது. புத்தகம் வாங்கி வைத்துக் கொண்டு பற்று வரவு எழுதும் முறையைப் படித்தார். 1894-இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசில் எவ்வளவு சிறிய சந்தாவுக்கும் ரசீது கொடுக்கச் செய்தார். அப்படிப்பட்டவருக்கே ஊர் மாறியபோது ஒரு தொகை கைநழுவியது என்றால், பழைய கடையைப் பூட்டிப் புதுக் கடைக்கு மாறும் நாம் சிட்டைகளை எந்த மூட்டையில் கட்டுகிறோம் என்று பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்.

பிற்காலத்தில் அவருடைய தபால் வேலை ஓர் ஆபீசாகவே வளர்ந்தது. 1917 முதல் மகாதேவ தேசாய் செயலாளராக இருந்து, 1942 ஆகஸ்ட் 15 அன்று ஆகாகான் மாளிகைச் சிறையில் இறக்கும்வரை அந்தப் பாரத்தைச் சுமந்தார். வலது கை ஓய்ந்தால் காந்தியடிகள் இடது கையால் எழுதுவார். வந்த உறைகளை வீசுவதில்லை. பின்பக்கம் குறிப்பெழுத உதவும். திங்கட்கிழமை மௌன நாள் என்பதால் அன்று எல்லாம் துண்டுச் சீட்டில்தான். 1947 ஜூன் 2, திங்கட்கிழமை, நாட்டைப் பிரிப்பது பற்றிப் பேச அழைத்த வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கும் பழைய உறைகளின் பின்புறத்தில்தான் பதில் எழுதிக் கொடுத்தார். அவருடைய எழுத்தும் பேச்சும் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வெளிவந்துள்ளன. அவற்றில் கடிதங்கள் ஏராளம்.

அந்தக் காலத்தில் நகல் எடுப்பது எளிதல்ல. தனி மசியில் எழுதி, ஈரமாக்கின மெல்லிய தாள் புத்தகத்தில் வைத்து இரும்பு அழுத்தியால் நெருக்குவார்கள். மசி ஊறி நகல் விழும். பெரிய வியாபாரக் கம்பெனிகளிலும் இதுதான் முறை. அமெரிக்காவில் ஜனாதிபதி தாஃப்ட் 1910-இல் அமைத்த சிக்கனக் குழு, அரசு ஆபீசுகள் இந்த அழுத்துப் புத்தகத்தை விட்டுக் கார்பன் தாளுக்கு மாற வேண்டும் என்று யோசனை சொன்னது. கடிதத்தோடு நகலும் ஒரே அடியில் தட்டச்சாகி விடும், அந்தந்த விஷயத்தோடு சேர்த்துக் கோப்பில் வைக்கவும் முடியும். இன்று கைபேசியில் ஒரு படம் பிடித்தால் நகல் ஆயிற்று. நம்மில் எத்தனை பேர் பிடிக்கிறோம்?

இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல, பணப் பிரச்சினை. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அது கடந்தால் பாக்கி நியாயமானதே ஆனாலும் வழக்கு நிற்காது. ஆனால் அந்தக் கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு பாக்கிதாரர் எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கிறது. "பாக்கி இருக்கிறது, இப்போது தர இயலாது" என்று அவர் எழுதியிருந்தாலும் அது ஒப்புதல்தான். இது 18-ஆம் பிரிவு. வாயால் "தருகிறேன் அண்ணாச்சி" என்று எத்தனை தடவை சொன்னாலும் கணக்கில் வராது.

நமது பேரேட்டில் எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும், பழைய சட்டத்தில் இருந்தது போலவே, ஒழுங்காக எழுதி வரும் கணக்குப் புத்தகம் சாட்சியமாகும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது. கூடவே பில், லாரி ரசீது, கடிதம் என்று ஏதாவது வேண்டும்.

ஆகவே மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது பற்று நிற்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி, இரண்டு படியாக அனுப்புமாறு நமது உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம். "இப்பவும் தங்கள் கணக்கில் இன்ன தேதி வரையில் நிற்கும் பாக்கி ரூபாய் இவ்வளவு. சரி எனில் கீழே கையெழுத்திட்டு ஒரு படியைத் திருப்பி அனுப்பவும்." தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கவும். திரும்பி வரும் படியில் கையெழுத்தும் அவர் போட்ட தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து, கம்பியில் குத்தாமல் அந்த நபரின் பெயருள்ள உறையில் போட்டு வைக்கவும்.