கிரகணம் வருவது உரைக்குமோ?

விகாரி ஆண்டு மார்கழித் திங்கள் அமாவாசையன்று (26-12-2019) காலையிற் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய இடங்களிற் கதிரவன் பொன்வளையமெனத் தோன்றினான். அன்று எம் உறவினர் இல்லத்தில், நிறைமாதச் சூலுடையாள் ஒருத்தியை முன்னாள் இரவு தொடங்கி உண்ணவும் நீர் பருகவும் விடாது, சாளரம் அடைத்த அறையில் இருத்தினர். அவள் நண்பகலுக்கு முன்னரே மயங்கி வீழ்ந்தாள். இறைவன் திருவருளால் தாயும் சேயும் நலமுற்றனர். அங்ஙனம் இருத்துக என்று கூறியவன் யானே. மடத்திற் பயின்றவன் கூற்றென்று அவர்கள் அதனைத் தேறினர். யானோ நூலொன்றும் நோக்காது, செவிவழி வந்ததையே சொன்னேன். சில திங்களிற் பெருந்தொற்று உலகெங்கும் பரவ, அக்கிரகணமே அதற்கு முற்குறி என்றும் பலர் உரைத்தனர். ஆகலின், கிரகணம் வருபொருள் உரைக்கும் குறியாமோ, அன்றோ என்பதனைச் சித்தாந்த நெறி நின்று ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கிரகணமாவது யாது எனின், நிழலின் நிகழ்ச்சி என்க. நிலவுலகின் நிழல் மதியின்மேல் வீழ்தல் சந்திர கிரகணம். மதியின் நிழல் நிலவுலகின்மேல் வீழ்தல் சூரிய கிரகணம். அற்றேல் பௌர்ணமிதோறும் அமாவாசைதோறும் கிரகணம் நிகழாமை என்னையெனின், மதி செல்லும் நெறி கதிரவன் செல்வதாகத் தோன்றும் நெறிக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலின் என்க. அவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவற்றையே பஞ்சாங்க நூலார் இராகு, கேது என வழங்குவர். அவ்விடங்கட்கு அணித்தாக அமாவாசையோ பௌர்ணமியோ நேருங்கால் கிரகணம் உண்டாகும். அவை ஏனைக் கோள்களின் போக்கிற்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழப் 18 ஆண்டு 7 திங்களில் ஒரு சுற்று முடிக்கும். சாயாக்கிரகம் என்னும் பெயர் இராகு கேதுக்கட்கு வழங்குதலும் இக்கருத்திற்கு இயைபுடைத்தேயாம்.

இது மேலைநாட்டார் வந்து கற்பித்த புதுமையன்று. 499-ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் தம் நூலில் நிழற்காரணத்தை விளங்கக் கூறினார். 6-ஆம் நூற்றாண்டினராகிய வராகமிகிரரும், பிருகத் சங்கிதையில் இராகுவின் போக்கைக் கூறும் இயலில், அசுரன் விழுங்குதல் காரணமாகாதென மறுத்து நிழலையே காரணமாக நாட்டினார். நம் நாட்டுப் பஞ்சாங்க கணிதர் திறமும் கருதற்பாலது. ஜான் வாரன் என்பார் 1825-இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிற் புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவரைப் பற்றிக் கூறியுள்ளார். அக்கணிதர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாயுள்ள வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபாடு இருந்தது. ஏடும் எழுத்தாணியும் இன்றிச் சோழி கொண்டு முன்னரே அறியத்தக்க ஒன்று, உலகத்தார் ஒழுக்கம் நோக்கி அவ்வப்போது புதிதாக விடுக்கப்படும் எச்சரிக்கையாதல் யாங்ஙனம்?

அற்றன்று, நிழற்காரணம் கூறிய வராகமிகிரரே கிரகணத்தின் பயன்களையும் விரித்தனரே, ஆகலின் காரணம் நிழலாயினும் குறியாதற்கு இழுக்கென்னை எனின், கூறுதும். ஓர் ஆண்டிற் சூரிய கிரகணம் இரண்டிற்குக் குறையாது. ஐந்து வரையிலும் நிகழ்தல் கூடும். சந்திர கிரகணமும் உடன் கொள்ளின், அவை பெருகுங்கால் ஏழாகும். ஆகவே எந்நாட்டில் எவ்வின்னல் நேரினும், அதற்குச் சில திங்கள் முன்னர் ஒரு கிரகணம் நிகழ்ந்தே இருக்கும். இன்னலின்றிக் கழிந்த கிரகணங்களை ஒருவரும் எண்ணி வைத்திலர். எப்பொழுதும் உடனிருப்பதொன்று எதற்கும் குறியாகாது என்பது அளவைநூல் கற்றார் அறிந்ததே.

இனிச் சித்தாந்த நெறியான் நோக்குவாம். கோள்கள் சடம். அவை இயங்குதற்கு இடமாய காலமும் மாயையின் காரியமாகிய தத்துவங்களுள் ஒன்றாதலின் அதுவும் சடமே. வினையுங்கூடத் தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது; அதனை அறிந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே என்பது நம் ஆசிரியர் துணிபு. வினையோ உயிர்தோறும் வேறு. ஒரு கிரகணத்தை ஒரு நாடு முழுவதும் காண, அத்தனை உயிர்க்கும் அஃது ஒருபடித்தாய தீங்கு பயக்கும் என்றல், வினைக்கீடாக ஊட்டும் முறைமையை அழித்து, நிழலுக்கு முதன்மை கொடுத்தலாய் முடியும். திருமறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்ட ஆளுடைய பிள்ளையாரை, நாளும் கோளும் நல்லவல்ல என்று அப்பமூர்த்திகள் தடுத்தருளியதும், அடியார்க்கு அவை நல்லனவே என்று பிள்ளையார் கோளறு பதிகம் அருளிச் சென்றதும் அன்பர் அறிவர். அப்பதிகத்தை நாடோறும் ஓதிக்கொண்டே இராகுவுக்கு நடுங்குதல் ஓதியதன் பயனை இழத்தலன்றோ?

அங்ஙனமாயிற் கிரகணத்துக்குச் சமயப் பொருளே இன்றோ எனின், உண்டு, அஃது அச்சத்தின்பாற்பட்டதன்று. கிரகணகாலம் நீராடல், செபம், வழிபாடு, தானம் ஆகியவற்றிற்குரிய புண்ணியகாலமாகப் போற்றப்படுகின்றது. கோயில்கள் பலவற்றில் அப்பொழுது திருக்கதவம் அடைத்துப் பின்னர்த் தூய்மை செய்து திறப்பர். திருக்காளத்தியிலோ கிரகணத்தின்பொழுதும் திருக்கதவம் அடையாது வழிபாடு நிகழ்கின்றது. கிரகணம் தன்னியல்பிலேயே தீயதாயின் இவ்வேறுபாடு நிகழாது. எனவே இவை தலந்தோறும் அமைந்த மரபுகளேயன்றி, நிழலின் கொடுமைக்குச் சான்றாகா.

இவை யாவற்றினும் சிறந்ததொரு பொருள் சிவஞானபோதத்தில் உளது. ஒன்பதாஞ் சூத்திரத்தில், ஐந்தெழுத்தான் இறைவனை உள்ளத்திற் காணுமாறு கூறப் புகுந்த மெய்கண்டதேவர், அதற்கு இராகுவையே உவமை ஆக்கினார். பிறகாலத்துக் காணப்படாத இராகு மதியினிடத்தும் கதிரவனிடத்தும் காணப்படுமாறு போல, எங்கும் நிறைந்தும் காணப்படாத இறைவன் சிந்தையின்கண் காணப்படுவான் என்பது கருத்து. நிலவுலகின் நிழல் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு வானில் எந்நாளும் நீண்டு கிடக்கின்றது. ஏற்குமிடம் இன்மையின் ஒருவரும் அதனைக் கண்டிலர். மதி அதனுட் புக்க பொழுதே, இஃது இங்கிருந்தது என அறிகின்றோம். அன்று புதிதாகத் தோன்றியது நிழலன்று, காட்சியே. இறைவனும் அன்றன்று வருபவன் அல்லன். உள்ளம் ஐந்தெழுத்தின்வழி நின்ற பொழுதே, அவன் என்றும் உடனின்றமை விளங்கும். உவமை ஒருபுடை ஒப்புமை பற்றியதாகலின், இறைவனை நிழலென்றதாகக் கொள்ளற்க. உலகம் நடுங்கி நோக்கிய நிகழ்ச்சியினின்று ஆசிரியர் எடுத்துக்கொண்டது வருங்கேட்டின் குறியன்று. காணாததைக் காணும் நெறியே.

ஆகவே செய்யற்பாலன யாவையெனின், கிரகணகாலத்து நீராடுக, ஐந்தெழுத்து ஓதுக, இயன்றவாறு தானம் செய்க. கதிரவனை வெறுங்கண்ணால் நோக்கற்க. அது கண்ணின் ஒளியைக் கெடுத்தல் மெய்யாய தீங்கு. நோன்பு வல்லார் நோற்க. பாலர், முதியோர், பிணியாளர் ஆகியோரை உண்ணாதிருக்குமாறு வருத்தாமை தொன்றுதொட்ட வழக்கு. சூலுடையாரையும் அவரோடு வைத்தெண்ணி, வேண்டும் பொழுது உணவும் நீரும் அளிக்க. நிழல் கருவை ஊறுபடுத்தாது. பசியும் நீர்வேட்கையும் ஊறுபடுத்தும்.

அன்று மயங்கி வீழ்ந்தாளின் மகவு இன்று எம் திண்ணையில் அமர்ந்து ஐந்தெழுத்து எழுதிப் பழகுகின்றது. அதனைக் காணுந்தோறும் என் பிழை நினைவிற்கு வருகின்றது. இனி ஒரு கிரகணம் வருங்கால், அன்பர் எவரும் என்னைப் போல் நூல் நோக்காது விடை கூறாதிருத்தற்பொருட்டே இதனை எழுதலானேன்.

திருச்சிற்றம்பலம்.