ஆறு வயதுப் பல்லைப் பார்த்திருக்கிறீர்களா?

தம்பி, தங்கைகளே! கண்ணாடி முன்னால் நின்று ‘ஆ’ என்று வாயைத் திறங்கள். முன்பற்கள் பளிச்சென்று தெரியும். அதற்கும் பின்னால்? ஒரே இருட்டு!

அந்த இருட்டில்தான் ஒரு முக்கியமான பல் முளைக்கிறது. ஏறக்குறைய ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக வரும் கடைவாய்ப் பல். எந்தப் பல்லும் விழாமலே இது முளைப்பதால் பலர் கவனிப்பதில்லை. கவனித்தாலும், “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. ஆயுசுக்கும் அந்த ஒரு பல்தான்.

அதை நீங்களே பார்க்கப் பல் டாக்டரிடம் ஒரு கேமரா இருக்கிறது. பேனா போல மெலிதாக இருக்கும். முனையில் சின்ன லென்ஸ், அதைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள். பல்லில் பட்டுத் திரும்பும் ஒளியை உள்ளே இருக்கும் சில்லு மின்குறிகளாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும். ஒரே ஒரு பல் திரை முழுக்க நிற்கும்! துளியும் வலிக்காது. ஒவ்வொருவருக்கும் கேமராவின் மேல் புது பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள்.

திரையில் உற்றுப் பாருங்கள். பல்லின் மேல்பரப்பு சமதளமே இல்லை. மேடுகள், நடுவே வளைந்து ஓடும் பள்ளங்கள். சில பள்ளங்களில் பிரஷ்ஷின் ஒரு நார்கூட நுழையாது. காலையில் தின்ற பிஸ்கட் மாவு அங்கே அப்பிக்கொண்டிருக்கும். அதிலுள்ள சர்க்கரையைக் கிருமிகள் தின்று அமிலமாக்கும். நம் உடம்பிலேயே கடினமான பொருளான எனாமலை அந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

சொத்தை என்றால் கறுப்பு என்றுதானே நினைக்கிறோம்? பெரும்பாலும் அது சாக்பீஸ் வெள்ளையில்தான் தொடங்குகிறது. எச்சில் ஈரத்தில் அந்தப் புள்ளி ஒளிந்துகொள்ளும். டாக்டர் காற்றடித்துப் பல்லைக் காயவைத்ததும் வெளியே தெரியும். குழி விழாத அந்த நிலையில் பிடித்துவிட்டால், நன்றாகத் துலக்கியும் ஃபுளூரைடு பூசியும் மேலும் பரவாமல் நிறுத்தலாம். இந்தக் கேமராவால் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்பேன். படத்தைச் சேமித்து வைத்து, ஆறு மாதம் கழித்துப் புதுப் படத்தோடு ஒப்பிடவும் முடியும்.

“பல்லில் பூச்சி” என்று பாட்டி சொல்வார்களே, அந்தப் பூச்சி திரையில் தெரியுமா? தெரியாது, ஏனென்றால் பூச்சியே கிடையாது. இருப்பவை கிருமிகள். 1683-இல் நெதர்லாந்தின் லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கை நுண்நோக்கியில் வைத்து, அவை நெளிவதைக் கண்டு எழுதினார். இந்தக் கேமராவுக்கு அவை எட்டாத அளவு சிறியவை. ஆனால் ஊதா ஒளி வீசும் சில கேமராக்களில் நல்ல பல் பச்சையாக ஒளிரும், கிருமிகள் விட்டுச்சென்ற பொருள் சிவப்பாக ஒளிரும்.

இரண்டு பல்லுக்கு நடுவிலும் வேரிலும் இருப்பதைக் காண எக்ஸ்ரேதான் வேண்டும்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது கேளுங்கள்: “டாக்டர், என் ஆறு வயதுப் பல்லைத் திரையில் காட்டுங்களேன்!”